ஏலத்தில் ஒரு கை குறைந்தால்

என் அப்பா கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே மஞ்சள் விளைவித்தவர். பள்ளி விடுமுறைகளில் அவரோடு ஈரோட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். வியாபாரிகள் ஒவ்வொரு சாம்பிளின் முன்னும் குனிந்து, ஒரு விரலியை எடுத்துச் சட்டென்று ஒடித்து, உள்நிறத்தை வெளிச்சத்தில் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய், ஒரு வார்த்தையும் பேசாமல் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அப்பா வியாபாரிகளின் முகத்தைப் பார்க்க மாட்டார். எங்கள் மஞ்சளின் முன் எத்தனை பேர் குனிகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பார். ஓராண்டு, எப்போதும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு வாங்கும் இரண்டு மண்டிக்காரர்கள் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள். அந்த முறை எங்களுக்கு விழுந்த சீட்டில் ஒன்று குறைந்தது, விலையும் இறங்கியது. “மஞ்சள்ல குத்தமில்லீங்க, ஏலத்துல ஒரு கை கொறைஞ்சு போச்சு” என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

திரைத்துறையிலும் தொலைக்காட்சித் துறையிலும் பெருநிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கும் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சீட்டுப் பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. 2025 டிசம்பரில், ஹாலிவுட் நிறுவனமான வார்னர் பிரதர்ஸின் படப்பிடிப்பு நிலையத்தையும் ஓடிடி தளத்தையும் வாங்கப்போவதாக நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. மூன்றே நாளில் இன்னொரு ஹாலிவுட் நிறுவனமான பாரமவுண்ட், வார்னர் நிறுவனம் முழுவதற்கும் போட்டி விலை கூறியது. நெட்ஃபிளிக்ஸின் திட்டத்தைத் தடுத்து நிறுத்தியே ஆக வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் சங்கம் உடனே அறிக்கை விட்டது. 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து உரிமைகளைப் பெற்ற சங்கம் அது. யார் கைக்குப் போனாலும் கதை வாங்கும் கைகளில் ஒன்று குறையும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இது எங்கோ ஹாலிவுட்டில் நடக்கும் சங்கதி என்று கோவைக்காரர்கள் இருந்துவிட முடியாது. 2018இல் சத்யம் திரையரங்கை நடத்திய எஸ்பிஐ சினிமாஸை, நாடெங்கும் திரையரங்குகள் நடத்தும் பிவிஆர் வாங்கியபோது, கோவை புரூக்ஃபீல்ட்ஸ் வணிக வளாகத்தின் திரைகளும் பிவிஆர் வசம் போயின. சரவணம்பட்டி புரோசோன் வளாகத்தில் இருந்தது அதன் போட்டி நிறுவனமான ஐநாக்ஸ். 2023 பிப்ரவரியில் பிவிஆரும் ஐநாக்ஸும் இணைந்ததும், ஊரின் இரு பக்கத்தில் எதிரெதிராக நின்ற இரண்டு வளாகங்களிலும் என்ன ஓட வேண்டும் என்பதை ஒரே நிறுவனம் முடிவு செய்யும் நிலை வந்தது. கொரோனாவால் அரங்குகள் மூடிக்கிடந்த காலத்து வருமானம், முன்அனுமதி கேட்க வேண்டிய வரம்புக்குக் கீழே இருந்ததால், இந்த இணைப்பு, சந்தையில் தொழில் போட்டி குலையாமல் பார்க்க வேண்டிய இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் போகவே இல்லை. ஒரு நுகர்வோர் அமைப்பு கொடுத்த புகாரையும், நடக்கக்கூடும் என்ற அச்சத்தை வைத்து விசாரிக்க இயலாது என்று ஆணையம் 2022இல் தள்ளிவிட்டது.

அதன் விளைவை 2024 ஏப்ரலில் பார்த்தோம். படத்தை டிஜிட்டல் வடிவில் அரங்குக்கு அனுப்பும் முறையும் அதற்கான கட்டணமும் குறித்து மலையாளத் தயாரிப்பாளர் சங்கத்தோடு தகராறு எழுந்தபோது, பிவிஆர் ஐநாக்ஸ் நாடு முழுவதும் தன் திரைகளில் புதிய மலையாளப் படங்களை வெளியிட மறுத்தது. சரியாக விஷு நேரம். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி வாழும் நமக்கு விஷுப் படம் அயலாருடைய விஷயம் அல்ல. கோவையில் மலையாளிகள் இல்லாத தெரு உண்டா? சில நாளில் சமரசம் ஆயிற்று என்பது உண்மைதான். ஆனால் ஒரு மொழியின் புதிய படங்களையே நிறுத்திவைக்கும் வலிமை ஒரே கையில் இருக்கிறது என்பது அப்போது வெளியே வந்துவிட்டது.

தொலைக்காட்சியில் நடந்தது இன்னும் பெரிது. 2024 நவம்பரில் ஸ்டார் இந்தியாவும் வயாகாம்18உம் இணைந்தன. மதிப்பு 70,352 கோடி ரூபாய், நூற்றுக்கும் மேற்பட்ட சேனல்கள். ஆணையம் சில நிபந்தனைகளோடு ஒப்புதல் கொடுத்தது. விஜய் டிவிக்கும் கலர்ஸ் தமிழுக்கும் ஒரே முதலாளி ஆனார். அவர்களின் ஓடிடி தளங்களான ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் 2025 பிப்ரவரியில் ஒரே செயலி ஆயின. பார்ப்பவருக்கு ஒரு சந்தா மிச்சம் என்கிறார்கள்; இருக்கட்டும். தமிழில் தொடர் எழுதும் ஒருவர் இரண்டு வாசலில் தனித்தனியே கதை சொல்லி, விலை பேசி, ஒருவர் மறுத்தால் மற்றவரிடம் போகலாம் என்று இருந்த நிலை என்ன ஆவது?

இரண்டாவது வாசல் எவ்வளவு பெரிய விஷயம் என்பது கொங்குநாட்டுக்குத் தெரியாததல்ல. டி.ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஒரு புறம், கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜா ஸ்டுடியோவும் மறுபுறம் என்று, சென்னையை எதிர்பார்க்காமல் இங்கேயே படம் எடுத்த காலம் உண்டு. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக முதலில் நடித்த ‘ராஜகுமாரி’ 1947இல் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவானது. அதில் வசனம் எழுதிய இளைஞர் கருணாநிதி. பிறகு சேலத்துக்காரர்கள் எடுத்த ‘மந்திரி குமாரி’ 1950இல் வந்தபோதும் வசனம் அவருடையதுதான். கோவையும் சேலமும் ஒரே முதலாளிக்குச் சொந்தமாக இருந்திருந்தால் அந்த எழுத்துக்கு இரண்டாவது வாசல் ஏது?

இணைவதால் செலவு மிச்சமாகும், நட்டத்தில் ஓடும் நிறுவனம் பிழைக்கும் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் வார்னரும் டிஸ்கவரியும் இணைந்த நான்கே மாதத்தில், படப்பிடிப்பு முடிந்து மெருகேற்றப்பட்டுக்கொண்டிருந்த ‘பேட்கேர்ல்’ (Batgirl) என்ற ஹாலிவுட் படத்தை வெளியிடுவதே இல்லை என்று முடிவு செய்தார்கள். நடித்தவர், ஒளி அமைத்தவர், தைத்தவர் என்று அத்தனை பேரின் உழைப்பும் கணக்கேட்டில் ஒரு வரியாகக் கழிக்கப்பட்டது.

ஆகவே இந்த இணைப்புகளை நான் எதிர்க்கிறேன். 2024 செப்டம்பரிலிருந்து, வருமானம் குறைவாக இருந்தாலும் 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கைமாற்றம், இந்தியாவில் கணிசமான தொழில் இருந்தால், ஆணையத்தின் முன் வந்தாக வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. நல்ல விதி. ஆனால் வந்த பிறகு ஆணையம் கேட்கும் கேள்விகளில், டிக்கெட் விலை ஏறுமா, விளம்பரக் கட்டணம் ஏறுமா என்பதோடு, தமிழில் கதை விற்பவருக்கு இனி எத்தனை பேர் விலை எழுதுவார்கள் என்பதும் இருக்க வேண்டும். மொழிவாரியாக எண்ண வேண்டும். எழுத்தாளர், தொழில்நுட்பக் கலைஞர், சிறு தயாரிப்பாளர் ஆகியோரின் சங்கங்களை அழைத்துக் கேட்க வேண்டும். அடுத்த இணைப்பு அறிவிக்கப்பட்டு ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் நாளில், இதையே மனுவாக எழுதி அனுப்பப்போகிறேன்.