அப்பா விற்ற அம்பாசடரைத் தேடுவது

நம்பர் பிளேட்டை மட்டும் நம்பித் தேடாதீர்கள். வண்டி வேறு மாநிலத்துக்குப் போய் மறுபதிவு ஆகியிருந்தால் எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய தமிழ்நாட்டு எண் போயிருக்கும். மாறாதது வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்தான். ஆர்.சி. புத்தகம் தொலைந்துபோனாலும் பழைய இன்ஷூரன்ஸ் தாளில் அது இருக்கும். வீட்டுப் பீரோவைக் கிளறுங்கள். இஞ்சின் எண் பொருந்தவில்லையா? விட்டுவிட வேண்டாம், பெட்ரோல் இஞ்சினைக் கழற்றி டீசல் மாட்டிய அம்பாசடர்கள் ஏராளம்.

வாகனப் பதிவு விவரம் தரும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் விவரம் வராவிட்டால் வண்டி அழிந்ததாக அர்த்தமில்லை. பழைய பதிவுகள் பல கணினிக்கு ஏறவேயில்லை. முதலில் பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். வேறு ஊருக்கு மாற்ற என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கொடுத்திருந்தால் எந்த ஊருக்கு என்பது தெரிந்துவிடும்.

வண்டி கிடைத்ததும் சேஸிஸ் எண்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். எழுத்துகள் கோணலாக விழுந்தால், பக்கத்தில் வெல்டிங் தழும்பு தெரிந்தால், எண்ணை மாற்றியிருக்கலாம்; அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.