டிரேசிங் கேள்வியா? முதலில் பாஸ்புக் போடுங்கள்

லண்டன் எல்.எல்.பி.யில் ஈக்விட்டி (டிரஸ்ட் போன்றவற்றை ஆளும் சட்டப் பிரிவு) தாளை முதல் தடவை எழுதியபோது டிரேசிங் கேள்வியில்தான், அதாவது கைமாறிக் கலந்துபோன டிரஸ்ட் பணத்தைத் தடம் பிடிக்கும் கேள்வியில்தான் சறுக்கினேன். வழக்குப் பெயர்கள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். விடைத்தாளில் அவற்றை வரிசையாக நிறுத்தினேனே தவிர, பயனாளியின் பணம் எங்கே போனது என்று சொல்லவே இல்லை.

அடுத்த தடவை சட்டத்தைத் தொடுவதற்கு முன் பாஸ்புக் மாதிரி ஓரத்தில் இருப்பை எழுதிக்கொண்டேன். பயனாளிக்காக டிரஸ்ட் பணத்தை வைத்திருப்பவர் டிரஸ்டி; அவர் கணக்கில் அவருடைய சொந்தப் பணம் 2,000 பவுண்டு. அதில் டிரஸ்ட் பணம் 5,000 போடுகிறார்; இருப்பு 7,000. பங்கு வாங்க 4,000 எடுக்கிறார், 3,000. உல்லாசப் பயணத்துக்கு 2,500, மிச்சம் 500. அப்புறம் சம்பளம் 3,000 வருகிறது, 3,500.

ஹாலெட் வழக்கு (1880) என்ன சொல்கிறது? டிரஸ்டி தன் பணத்தைத்தான் முதலில் செலவழித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதை இங்கே அப்படியே போட்டால் பங்கில் பாதி டிரஸ்டிக்கே போய்விடும். நான் விழுந்த குழி அதுதான். ஓட்வே (1903) கைகொடுக்கும் இடமும் அதுதான்: மிச்சப் பணம் கரைந்துவிட்டதால், முதலில் வாங்கிய பங்கையே பயனாளி பிடிக்கலாம். ஆக, பங்கு 4,000, கணக்கில் 500.

கணக்கில் போதிய பணம் இருக்கும்போதும் லாபம் தந்த பங்கையே கேட்க முடியுமா? ஷால்சன் எதிர் ருஸ்ஸோ (2003) முடியும் என்கிறது, டர்னர் எதிர் ஜேக்கப் (2006) முடியாது என்கிறது. இந்த மோதலை எழுதினால் மதிப்பெண் நிச்சயம்.

சரி, சம்பளம் 3,000? தொட முடியாது. ராஸ்கோ எதிர் விண்டர் (1915) வழக்கில் கணக்கில் சேர்ந்த டிரஸ்ட் பணம் ஏறத்தாழ 455 பவுண்டு. இருப்பு 25 பவுண்டு சொச்சத்துக்கு விழுந்து, பிறகு 358க்கு ஏறியது. பயனாளி பக்கத்துக்குக் கிடைத்தது அந்த 25 சொச்சம்தான். இடையில் தொட்ட அடிமட்டம்தான் உச்சவரம்பு. பிறகு வந்த பணத்தை டிரஸ்ட் பணத்தை ஈடுகட்டவே டிரஸ்டி போட்டார் என்று காட்ட முடிந்தால் மட்டும் கதை வேறு.

இரண்டு பயனாளிகளின் பணம் கலந்திருந்தால் ஹாலெட்டை மறந்துவிடுங்கள், இருவருமே நிரபராதிகள். கிளேட்டன் (1816) விதிப்படி முதலில் வந்தது முதலில் போகும். அது அநியாயமாகத் தெரிந்தால் பார்லோ கிளோவ்ஸ் (1992) காட்டிய விகிதாசாரப் பங்கீடு.

நம் உதாரணத்தில் பயனாளியின் 5,000இல் பங்கு 4,000, கணக்கில் 500 போக இன்னும் 500 பவுண்டு குறைகிறது. அதற்கு டிரஸ்டி மேல் நேரடி உரிமைக்கோரல்தான். அவர் திவாலானால் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். இதற்கு ஒரு வரி போதும். முதல் தடவை நான் இதற்குத்தான் அரைப் பக்கம் எழுதியிருந்தேன்.