அம்மாவின் எக்ஸ்ரேயில் ஏழு சிவப்புக் கட்டங்கள்

ஏஐ மென்பொருள் படித்த எக்ஸ்ரேயை வைத்து, அம்மாவுக்கு மூன்று ரூட் கேனலும் கேப்பும், நான்கு ஃபில்லிங், கூடவே ஆழமான கிளீனிங் என்று 54,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். அதில் பெரும்பகுதி தேவையே இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளத் தேவைப்பட்ட எக்ஸ்ரே கோப்பை அந்த கிளினிக்கிலிருந்து வாங்குவதற்குள் நான் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். இதே நிலையில் இப்போது யாராவது இருந்தால் உதவும்.

அம்மாவுக்கு வயது 61, சர்க்கரை உண்டு. இடது கீழ்க் கடைவாயில் சோறு மாட்டுகிறது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது என்றுதான் போனோம். எக்ஸ்ரே எடுப்பதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. அப்புறம் பெரிய திரையில் படத்தைப் போட்டார்கள். சொத்தை என்று மென்பொருள் சந்தேகித்த இடங்களில் எல்லாம் சிவப்புக் கட்டம், பல்லைத் தாங்கும் எலும்பு இறங்கிய இடங்களில் மஞ்சள் கோடு, பக்கத்தில் மில்லிமீட்டர் கணக்கு. அம்மா திரையைப் பார்த்ததும், "ஏம்மா, இத்தனை பல்லுமா போச்சு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் வாயைப் பார்த்தது ஒரு நிமிடம் இருக்கும். மீதி எல்லாவற்றையும் விளக்கியது 'ட்ரீட்மென்ட் கோ-ஆர்டினேட்டர்' என்ற பெண். அவர் பல் மருத்துவர் இல்லை. "ஏஐயே சொல்லிடுச்சு மேடம், இனிமே சந்தேகமே வேண்டாம். இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா பத்து பர்சென்ட் குறைச்சுக்கலாம்" என்றார். அந்த வாக்கியம்தான் எனக்கு உறுத்தியது. பணம் கட்டாமல் எழுந்து வந்தோம்.

எனக்குத் தெரிந்த வரையில் இந்த மென்பொருள்கள் ஒன்றும் போலி இல்லை. அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ 2021-இல் ஓவர்ஜெட் நிறுவனத்தின் மென்பொருளுக்கும், 2022-இல் பேர்ல் நிறுவனத்தின் 'செகண்ட் ஒப்பீனியன்' மென்பொருளுக்கும் அனுமதி கொடுத்தது. ஆனால் அந்த அனுமதியே பல் மருத்துவருக்கு உதவியாக இருப்பதற்குத்தான். முடிவு எடுக்க வேண்டியவர் மருத்துவர். எங்களுக்கு அந்த 'மருத்துவர் முடிவு எடுப்பது' என்ற பகுதிதான் நடக்கவில்லை.

இரண்டாவது கருத்துக்கு ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம் என்று முடிவு செய்து, கிளினிக்கில் எக்ஸ்ரே கேட்டேன். ரிசப்ஷனில் திரையை ஃபோனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அதை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போய், ஓபி சீட்டு வாங்கி, காலை முழுக்க உட்கார்ந்திருந்தோம். ஓரல் மெடிசின் துறையில் இருந்த முதுநிலை மாணவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கட்டம் இருக்கிற இடத்துல பல்லே தெரியலையே, இதை வெச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா" என்றார். சொன்னது சரிதான். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். அதன் மேல் வண்ணக் கோடுகள் வேறு. சர்க்கரை நோயாளியை நேரத்துக்குச் சாப்பிட விடாமல் உட்கார வைத்த அந்தக் காலை முழுசாக வீண்.

திரும்ப கிளினிக். "சாஃப்ட்வேர்ல இருந்து தனியா எடுக்க வராது மேடம்" என்றார்கள். பென் டிரைவ் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே இருந்தது மென்பொருள் தயாரித்த பிடிஎஃப் அறிக்கை, அதே சிவப்புக் கட்டங்களோடு. அதன் பிறகுதான் எழுதிக் கொடுத்தேன். தலைமை மருத்துவர் பெயருக்கு, அம்மாவின் கையெழுத்தோடு, நான்கே வரி: இன்ன தேதியில் எடுத்த எல்லா எக்ஸ்ரேக்களும் வேண்டும், மென்பொருளின் குறிகள் இல்லாத மூலப் படமாக வேண்டும், டைகாம் வடிவத்தில் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வடிவம்), அது இல்லாவிட்டால் முழு அளவு ஜேபெக்காக வேண்டும், தர முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை கேட்டேன். பல் மருத்துவர்களுக்கு விதிகள் தனி என்றாலும், நோயாளி கேட்டால் ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அலோபதி மருத்துவர்களுக்கான 2002 நெறிமுறை விதிகளில் இருக்கிறது என்பதையும் வாயால் சொன்னேன். முத்திரை என்றதும் ரிசப்ஷனில் இருந்தவர் உள்ளே போனார். டாக்டரே வந்தார். கணினியில் உட்கார்ந்து, கட்டங்களை அணைத்து, படங்களைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். இரண்டு நிமிட வேலை. இதற்கா இவ்வளவு அலைச்சல் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் அங்கேயே திறந்து காட்டச் சொல்லிப் பெயர், தேதி, இடது வலது எல்லாம் சரிபார்த்துக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கல்லூரியில் இந்த முறை பேராசிரியரே பார்த்தார். மூலப் படத்தைத் திறந்ததும் அவர் முதலில் சொன்னது, மேல் வரிசைப் பற்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி விழுந்திருக்கின்றன, கதிர் போன கோணம் சரியில்லை என்பதுதான். பற்கள் உரசும் இடம் படத்தில் பிரிந்து தெரியவில்லை என்றால் மனிதக் கண்ணும் குழம்பும், மென்பொருளும் குழம்பும். இரண்டு பைட்விங் (மேல், கீழ்க் கடைவாய்ப் பற்களின் இடுக்குகளைக் காட்டும் சிறிய எக்ஸ்ரே) மட்டும் புதிதாக எடுத்தார்கள். மீதிக்குப் பழைய கோப்பே போதும் என்றார்கள், அந்த அளவுக்கு அம்மாவுக்குக் கதிர்வீச்சு மிச்சம்.

அப்புறம் ஒவ்வொரு கட்டமாக வந்தார். 34, 44 (பல் மருத்துவர்கள் ஒவ்வொரு பல்லுக்கும் வைத்திருக்கும் எண்கள் இவை) இரண்டிலும் ஈறு ஓரத்தில் கருப்பாகத் தெரிந்தது சொத்தை இல்லை. பல்லின் மேல் ஓடான எனாமல் முடிந்து எலும்பு தொடங்குவதற்கு இடையில் பல்லின் கழுத்துப் பகுதி வழியாகக் கதிர் அதிகமாகப் புகுந்துவிடும், அது படத்தில் சொத்தை போலவே நிழலாக விழும் என்றார். 'செர்விகல் பர்ன்அவுட்' என்று அதற்குப் பெயராம். முனையுள்ள கருவியை அந்த இடத்தில் ஓட்டிப் பார்த்தார், வழவழப்பாக இருந்தது.

46, 16 இரண்டிலும் பழைய வெள்ளி அடைப்புக்கு அடியில் கருப்பு, அதுவும் பல்லின் நரம்பை ஒட்டி. இவை இரண்டுக்கும் ரூட் கேனல் என்று எழுதியிருந்தார்கள். பேராசிரியர் அம்மாவிடம், "அந்தக் காலத்துல அடைக்கும்போது அடியில ஏதாவது மருந்து வெச்சாங்களாம்மா?" என்று கேட்டார். அம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆழமாக இருக்கிறது, முதலில் மருந்து வைத்து மேலே அடைக்கிறேன் என்று அந்த டாக்டர் சொன்னாராம். கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தாக இருக்கும், அந்த மருந்தில் பழைய வகை என்றால் எக்ஸ்ரேயில் கருப்பாகத்தான் தெரியும் என்றார். கருப்பின் ஓரம் கூர்மையாக, வெட்டினாற்போல இருந்ததையும் காட்டினார். அடைப்பின் விளிம்பு இறுக்கமாக இருந்தது. நரம்பும் உயிரோடு இருந்தது. படத்தை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு அம்மாவின் ஞாபகம் எப்படித் தெரியும்?

நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்த விதத்தை எல்லோரும் கேட்டு வாங்க வேண்டும். குளிர் மருந்து தெளித்த பஞ்சைப் பல்லில் வைத்தார்கள். கூச்சம் வந்து, பஞ்சை எடுத்ததும் ஓரிரு நொடியில் அடங்கினால் நரம்பு தேற வாய்ப்புண்டு. எடுத்த பிறகும் வலி நீடித்துக் கொண்டே இருந்தால் ரூட் கேனல் பக்கம் போக வேண்டியிருக்கும். அம்மாவுக்கு உண்மையிலேயே தொல்லை கொடுத்த 36-இல் கூச்சம் உடனே அடங்கிவிட்டது. சொத்தை ஆழம்தான், ஆனாலும் சுத்தம் செய்து அடைத்துப் பார்க்கலாம் என்றார். அடைத்தாயிற்று. குளிர்ந்த தண்ணீர் இப்போது கூசுவதில்லை. ரூட் கேனல் பரிந்துரைக்கும் யாரிடமும் "குளிர் சோதனை செய்தீர்களா, தட்டிப் பார்த்தீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். இந்தக் கேள்விக்கான பதில் எக்ஸ்ரேயில் கிடைக்காது.

37-இல் இருந்த கட்டம் எனாமலைத் தாண்டாத ஆரம்பக் கறை. துளைக்கத் தேவையில்லை, ஃபுளோரைடு வார்னிஷ் பூசிக் கவனித்தால் போதும்.

மீதி இருந்தது ஒன்று, 27. இதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமாக எழுதியதாக ஆகாது. 26-க்கும் 27-க்கும் நடுவில், கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாத இடத்தில், எனாமலைத் தாண்டி, அதற்கு உள்ளே இருக்கும் டென்டினுக்குள் சொத்தை போயிருந்தது. வலி இல்லை, கூச்சம் இல்லை. போன வருடம் வேறொரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்தபோது அதைக் கவனிக்கவே இல்லை. ஏஐ பிடித்தது. புதிய பைட்விங்கிலும் அது தெளிவாகத் தெரிந்தது. இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் இந்தப் பல்லுக்கு உண்மையிலேயே ரூட் கேனல் ஆகியிருக்கும் என்றார் பேராசிரியர். சந்தேகப்படும் அளவைத் தாழ்த்தி வைத்தால் மென்பொருள் அதிகம் எதையும் விடாது, ஆனால் இல்லாததையும் சேர்த்துக் காட்டும், அதனால்தான் காட்டிய இடத்தையெல்லாம் கையால் பார்க்க வேண்டும் என்று அவர் விளக்கியபோது, அந்தக் கருவி மீது இருந்த கோபம் எனக்குப் போய்விட்டது. அதைக் காட்டி அம்மாவைப் பயமுறுத்திய விதத்தின் மீது இருக்கும் கோபம் போகவில்லை.

மஞ்சள் கோடுகள் பற்றியும் ஒன்று. எலும்பு இறங்கியிருந்தது உண்மை. ஆனால் சிகிச்சையை முடிவு செய்தது திரையில் இருந்த எண் அல்ல. ஈறுக்குள் அளவுகோல் விட்டு ஒவ்வொரு பல்லையும் சுற்றி அளந்தார்கள். சில இடங்களில் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் 5 மி.மீ. ஆழம் இருந்தது. ஈறுக்கு அடியில் சுத்தம் செய்ய எழுதினார்கள், அதற்கு முன் ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து வரச் சொன்னார்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஈறு எளிதில் ஆறாது, ஈறு கெட்டிருந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கஷ்டம். அந்த கிளினிக்கில் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று யாருமே கேட்கவில்லை.

இரண்டு ஃபில்லிங், வார்னிஷ், கிளீனிங் எல்லாம் சேர்த்து அந்த எஸ்டிமேட்டில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. அடுத்த பைட்விங் ஒரு வருடம் கழித்து, 37-இன் கறை வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட. பழைய கோப்பை மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். பென் டிரைவில் ஒன்று, என் மின்னஞ்சலில் ஒன்று என்று இரண்டு பிரதி வைத்திருக்கிறேன்.