தில் என்றால் வயிறு

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பேரன் திண்ணையில் உட்கார்ந்து உருப்போட்டுக்கொண்டிருந்தான். "ராம்சர் ஒப்பந்தம், ஈர நிலங்கள், 1971 பிப்ரவரி 2, ஈரான்." அவனுக்கு அது ஒரு மதிப்பெண். எனக்கோ இரண்டரை வருடச் சம்பளம். "அந்த ஊரில் நான் டாக்டராக இருந்தேன்டா" என்றேன். "அது ஊரா தாத்தா? நான் ஒப்பந்தத்தோட பேருன்னு நினைச்சேன்" என்றான்.

1970களில் எண்ணெய்ப் பணம் கொட்டியபோது ஈரான் தன் சிற்றூர்களுக்கெல்லாம் வெளிநாட்டு டாக்டர்களை அழைத்தது. இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் என்று பல நாட்டவர் போனோம். 1976இல் எனக்கு வயது 28. பாலைவனம், ஒட்டகம் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு போனவனை எல்பூர்ஸ் மலையின் வடசரிவில் இறக்கிவிட்டார்கள். மழையென்றால் மழை, அப்படியொரு மழை. மலைக்காடு, தேயிலை, ஆரஞ்சுத் தோப்பு, வயல், அதற்கப்புறம் காஸ்பியன் கடல். எல்லாம் சில கிலோமீட்டர் அகலத்துக்குள். நான் கன்னியாகுமரி மாவட்டக்காரன். மலையும் வயலும் கடலும் அடுத்தடுத்து இருப்பது எனக்குப் புதிதில்லை.

மன்னர் ரேஸா ஷா காலத்தில் கட்டிய பெரிய ஹோட்டல், அரண்மனை, அங்கிருந்து கடலுக்கு நேராக ஓடும் சாலை என்று டெஹ்ரான்காரர்களுக்கு ஒரு ராம்சர் இருந்தது. நௌரூஸ் என்னும் பாரசீகப் புத்தாண்டு விடுமுறையில் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். அந்த ஊரைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. என்னிடம் வந்தவர்கள் அந்த ஹோட்டலில் துணி வெளுத்தவர்கள், நாற்று நட்டவர்கள், தேயிலை பறித்தவர்கள். பெரும்பாலும் பெண்கள். அவர்களில் வயதானவர்கள் ராம்சர் என்று சொல்லவே மாட்டார்கள். பழைய பெயரான 'சக்த்சர்' தான் வாயில் வரும். பிரித்துப் பார்த்தால் 'கெட்டித் தலை'. வைத்தியம் பார்த்த எனக்கு அந்தப் பெயரே பொருத்தமாகப் பட்டது.

முதல் வாரம். நடுவயதுப் பெண் ஒருவர் வந்து உட்கார்ந்து "தெலம் தர்த் மீகொனே" என்றார். எனக்குப் பாரசீக மொழியில் ஐம்பது சொல் தெரியும், ஆனால் இது தெரிந்துவிட்டது! தெல் என்றால் தில், தில் என்றால் இதயம். இந்திப் பாட்டிலெல்லாம் அதுதானே. 'தில்லு இருந்தா வாடா' என்று நம் ஊரிலும் சவால் விடுகிறார்களே. நெஞ்சுவலி என்று முடிவுகட்டி, ஸ்டெதஸ்கோப்பை வைத்து, நாடி பார்த்து, இரத்த அழுத்தம் பார்த்து, இடது கை வலிக்கிறதா என்று சைகையில் கேட்டேன். அவர் பொறுமையாக என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தொப்புளுக்கு மேல் வைத்தார்.

கவிதையில்தான் தெல் இதயம். ஆஸ்பத்திரியில் தெல் வயிறு. இதயம் என்ற உறுப்புக்கு 'கல்ப்' என்று தனிச்சொல் இருக்கிறது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஆஸ்பத்திரி உதவியாளர். என்னைவிட இருபது வயது மூத்தவர். என்னை 'ஆகாயே தொக்தோர்', அதாவது டாக்டர் ஐயா, என்று மரியாதையாகக் கூப்பிடுவார். முதலில் என் காதில் விழுந்தது ஆகாயம்தான். நானும் அவரை 'ஆகா' என்றே அழைத்தேன்.

அந்த மொழியில் மரியாதை முழுக்க உடம்பை வைத்துத்தான். நன்றி சொல்ல 'உங்கள் கை வலிக்காதிருக்கட்டும்' என்பார்கள். பதிலுக்கு நாம் 'உங்கள் தலை வலிக்காதிருக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். சரி என்பதற்கு 'கண்' என்று ஒரே சொல். வேலை செய்கிற யாரைக் கண்டாலும் 'களைத்துப் போகாதிருங்கள்'. இதையெல்லாம் நான் நோயின் குறிப்பாக எழுதிக்கொண்டிருந்த நாட்களும் உண்டு. ஒரு பாட்டியின் சீட்டில் 'கை வலி' என்று எழுதி மாத்திரையும் கொடுத்திருக்கிறேன். பாவம், அவர் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பத்தான் எழுந்திருந்தார்.

இதெல்லாம் சிரிப்பதற்கு. சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. அடுத்த வசந்தத்தில் நாலு வயதுப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பு வெளுத்து, கண் மஞ்சளித்து, துவண்டு கிடந்தான். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. நான் மலேரியாவா, கல்லீரலா என்று புரட்டிக்கொண்டிருந்தேன். ஆகா என்னைத் தாண்டிக் குனிந்து பாட்டியிடம் ஒரே ஒரு சொல் கேட்டார்: "பாகாலா?" அந்தம்மா முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

பாகாலா என்பது நம் அவரையைவிடத் தடித்த காய். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அதைத் தின்றால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். காஸ்பியன் கரையில் இந்தக் குறை அதிகம். ஆண் குழந்தைகளைத்தான் கூடுதலாகத் தாக்கும். என் பாடப்புத்தகத்தில் இதற்கு இரண்டு வரி இருந்தது. அந்த ஊரில் அது ஒரு பருவம். காய் சந்தைக்கு வந்தால் பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இரத்தம் ஏற்றிப் பையனைப் பிழைக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு நான் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் முதலில் ஆகாவின் முகத்தைப் பார்த்துக்கொள்வேன். அது எனக்குக் கௌரவக் குறைவாகத் தோன்றவில்லை.

அவர்கள் சாப்பாட்டைச் சூடு, குளிர்ச்சி என்று பிரித்தபோது எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. மீனும் தயிரும் இரண்டும் குளிர்ச்சி, சேர்க்கக் கூடாது. வயிறு சரியில்லையா, சுடுதேநீரில் கற்கண்டு. என் ஆச்சியும் மீன்குழம்பு நாளில் தயிரைக் கண்ணில் காட்டமாட்டார். மருத்துவப் புத்தகத்தில் இதற்கு ஆதாரம் கிடையாது. நானும் இன்றுவரை மீனோடு தயிர் சேர்ப்பதில்லை.

முழங்கால் வலிக்காரர்கள் வெந்நீர் ஊற்றுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். போங்கள் என்பேன். அந்த நீரில் ரேடியம் இருக்கிறது. ஊற்று படியவிட்ட கல்லை எடுத்துச் சிலர் வீடும் கட்டியிருந்தார்கள். தலேஷ் மஹல்லே பகுதியின் சில வீடுகளில் ஆண்டுக்கு 260 மில்லிசீவர்ட் வரை கதிர்வீச்சு என்றும், உலகச் சராசரி 2.4தான் என்றும் ஊர் திரும்பி வெகுநாள் கழித்துப் படித்தேன். மணவாளக்குறிச்சி மணலில் தோரியத்தின் மேல் ஓடி விளையாடியவன் நான். ஒரு கதிர்வீச்சு ஊரிலிருந்து கிளம்பி இன்னொன்றுக்குப் போய்த்தான் சம்பாதித்திருக்கிறேன்.

1978 கடைசியில் மன்னராட்சிக்கு எதிரான கிளர்ச்சி, எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம், மண்ணெண்ணெய்க்கு வரிசை. வீட்டிலிருந்து 'உடனே வா' என்று தந்தி. ஆகா தன் வீட்டு வாசலில் நிற்கவைத்து, குர்ஆனுக்கு அடியில் என்னை நடக்கச் சொல்லி, நான் நகர்ந்ததும் பின்னால் ஒரு கிண்ணம் தண்ணீரைக் கொட்டினார். போனவர் திரும்பி வரவேண்டும் என்று செய்வது. நான் திரும்பிப் போகவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்து மனைவிக்குச் சொன்னேன். ஆரஞ்சு நன்றாகக் காய்த்திருக்கிறது. நௌரூஸுக்கு வெள்ளை மீன் வாங்கினோம், தயிர் இல்லாமல்தான் சாப்பிட்டோம். கடைசியில் 'ஜாயே ஷொமா காலி' என்று இருந்தது. உங்கள் இடம் வெறுமையாக இருந்தது, நீங்கள் இல்லாமல் போய்விட்டீர்களே என்று அர்த்தம். நம் 'காலி'யும் அந்த வழியாக வந்த சொல்தான்.

அதை அப்படியே வாசித்துவிட்டேன் போல. அடுக்களையிலிருந்து அவள் கரண்டியோடு ஓடி வந்தாள். "ஐயோ, யாருங்க காலி?"

"நான்தான்" என்றேன்.