இன்கமிங் மட்டும் வர்ற போன்

எங்க மாமிக்கு ரெண்டு மாசமா பென்சன் வரல. விதவை பென்சன், மாசம் 1,200 ரூபா, முந்தி 1,000 ரூபாயா இருந்தத 2023ல ஏத்தினாங்க, மாமா போனதுல இருந்து மாத்திரை, மீன், சோப்பு எல்லாம் அந்த காசுலதான். 108க்கோ 112க்கோ கூப்பிடுற அவசரம் இல்லதான், யாரும் அடிபட்டு கிடக்கல, வீடு தீப்பிடிக்கல. ஆனா ஒருத்தருக்கு போன போட்டு ஏன் வரலன்னு கேக்கணும்ல. அந்த ஒரு கேள்விய கேக்கறதுக்கு மாமிக்கு எவ்வளவு செலவாச்சுன்னு நான் பக்கத்துல இருந்து பாத்தேன், அதான் எழுதுறேன்.

மாமி வச்சிருக்கது பட்டன் போன். முப்பது வருசம் அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரி கம்பெனியில, கொட்டை உடைச்ச கை, அந்த எண்ணெய் பட்டு பட்டு விரல் நுனி எல்லாம் கருத்து தேஞ்சு போயிருக்கும், டச் போன் கொடுத்தா அந்த விரலுக்கு அது வேலை செய்யாது, ரேஷன் கடையில கைரேகை வைக்கவே நாலு தடவ அழுத்தி எடுக்கணும். போன்ல ஒண்ணாம் நம்பர் பட்டன் வேற அமுங்கியே கிடக்கு. தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்னு அந்த குரல் சொல்லும்போது மாமி நகத்த வச்சு குத்துவாங்க, அது விழறதுக்குள்ள குரல் இங்கிலீஷுக்கு போயிரும், மறுபடி முதல்ல இருந்து.

போன புதன்கிழமை மாமி கிட்ட இருந்தது ஒரு சின்ன பேக், அதுல பேசுறதுக்கு செகண்டுக்கு 2.5 பைசா போகும். முக்கு கடையில 20 ரூபா டாப்பப் போட்டா 14 ரூபா 95 பைசா ஏறும், மீதி வரிக்கும் அதுக்கும் இதுக்கும் போயிரும். கணக்கு பாத்தா பத்து நிமிசம் கூட முழுசா இல்ல. பென்சன் விசயம் கேக்கற நம்பர போட்டாச்சு, அலுவலர்கள் அனைவரும் வேறு அழைப்பில் உள்ளனர்னு குரல் வந்துச்சு, அப்புறம் பாட்டு, அப்புறம் மறுபடி குரல். மாமி போன காதுல இருந்து எடுக்கவே இல்ல, எடுத்தா கட்டாயிருமோன்னு பயம், அடுப்புல கஞ்சி பொங்குது, நான்தான் போய் இறக்கி வச்சேன். கடைசியில ஒரு பொண்ணு எடுத்து பேர் கேட்டுச்சு, மாமி பேர சொன்னாங்க, ஊர சொன்னாங்க, நம்பர் சொல்லுங்கம்மான்னு கேட்டுச்சு, மாமி பென்சன் பேப்பர விரிச்சு நம்பர வாசிக்க ஆரம்பிச்சப்ப காசு தீந்து லைன் கட்டாயிடுச்சு. காத்து கிடந்த அத்தனை நிமிசத்துக்கும் காசு எடுத்துட்டாங்க, பேசினது ஒரு நிமிசம் இருக்குமா?

அந்த பொண்ணு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, அது நல்லாத்தான் பேசிச்சு, ஒரு நாளைக்கு எத்தன பேர் கிட்ட பேசுதோ. என் கோவம் என்னன்னா, வரிசையில நிக்கற நேரத்துக்கு நிக்கறவங்க கிட்டயே காசு வாங்குறது எப்படி சரி? தாலுகா ஆபீஸ்ல பெஞ்சுல உக்காந்தா வாடகை கேக்கறது இல்லல்ல?

எல்லா நம்பரும் அப்படி இல்ல, அத சொல்லணும். முதல்வர் உதவி மையம் 1100 இலவசம். 1800ல தொடங்குற நம்பர்னா அழைப்ப வாங்குறவங்கதான் காசு கட்டுவாங்க, நமக்கு பைசா போகாது. ஆனா 1860ல தொடங்குச்சுன்னா காசு நம்மகிட்ட இருந்துதான் போகும், பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கறதால நெறய பேர் ஏமாந்து போறாங்க. 04652, 04651ன்னு வர்ற எங்க கன்னியாகுமரி ஜில்லா ஆபீஸ் லேண்ட்லைன் எல்லாம் சாதாரண கால் கணக்குதான். கரண்ட் புகாருக்கு 2021ல தொடங்கின மின்னகம் 94987 94987, நல்ல விசயம்தான், மாநிலம் முழுக்க ஒரே நம்பர், மனசுல நிக்கும், ஆனா அதுவும் பத்து இலக்க சாதாரண நம்பர்தான், பேக் இல்லாதவங்களுக்கு காசு போகும்.

இப்ப எல்லாருக்கும் அன்லிமிட்டெட் தானேன்னு கேப்பீங்க. எனக்கும் உங்களுக்கும் சரி. அந்த பேக் 28 நாளைக்கு கிட்டத்தட்ட 200 ரூபா, மாமி பென்சன்ல ஆறுல ஒரு பங்கு. அதுவும் 28 நாள்னா வருசத்துக்கு 12 தடவ இல்ல, 13 தடவ போடணும். நெட்டு வேண்டாம் பேச மட்டும் போதும்னு இருக்கவங்களுக்கு தனி பேக் கொடுக்கணும்னு 2024 டிசம்பர்ல போன் கம்பெனிங்கள கட்டுப்படுத்துற டிராய் உத்தரவு போட்டு பெரிய கம்பெனிங்க கொண்டும் வந்தாங்க, ஆனா வந்தது 84 நாளைக்கு 400 ரூபாய்க்கு மேல. கணக்குக்கு அது லாபம்தான், ஆனா மொத்தமா 400 ரூபா ஒரே நாள்ல எடுத்து வைக்க மாமியால முடியாது, முடிஞ்சா அவங்க ஏன் பென்சனுக்கு போன் பண்ணிட்டு இருக்காங்க.

மாமி வீடு களியக்காவிளை பக்கம், கூப்பிடு தூரத்துல கேரளா. அங்க போன் எந்த டவர புடிக்கும்னே சொல்ல முடியாது, மழை பெஞ்சா ஒண்ணு, வாசல்ல நின்னா ஒண்ணு. முந்தி வீட்டுக்குள்ள இருந்து பேசினாலே ரோமிங் காசு புடிச்சுருவாங்க, சொந்த வீட்டு திண்ணையில இருந்துட்டு வெளிமாநில காசு கட்டுன ஜனங்க நாங்க. ரோமிங் காசு போயாச்சு, ஆனா இந்த மூணு நாலு இலக்க நம்பர்ங்க டவர வச்சுதானே போகுது, ஒருநாள் நான் இங்க உள்ளத கேக்க போட்டா அந்த பக்கம் மலையாளத்துல எடுத்தாங்க. எங்க ஆளுகளுக்கு மலையாளம் தெரியும், பேசி புரிய வச்சேன், அவங்களும் பாவம் பொறுமையா கேட்டாங்க, ஆனா தமிழ்நாட்டு பென்சனுக்கு அவங்க என்ன செய்வாங்க. எழுதி இருக்க நம்பர் இலவசம்தான், அது நமக்கு வந்து சேரலியே.

எங்க சித்தி மக நர்ஸா இங்கிலாந்துல இருக்கா (எங்க ஜில்லாவுல வீட்டுக்கு ஒரு நர்ஸ் வெளிநாட்டுல இருப்பாங்க). இத அவகிட்ட சொன்னப்ப, அங்கயும் இந்த சண்டை நடந்துச்சுன்னு சொன்னா. அங்க அவசரத்துக்கு 999, அது எப்பவும் இலவசம். அவசரம் இல்லாத போலீஸ் விசயத்துக்கு 101, அதுக்கு எத்தன நிமிசம் பேசினாலும் ஒரு காலுக்கு 15 பென்ஸ்னு வாங்கிட்டு இருந்தாங்க, அன்னைக்கு நம்ம காசுல 14 ரூபா வாக்கில. காசு போகுதேன்னு ஜனங்க சொல்ல வேண்டியத சொல்லாம விட்டுருவாங்கன்னு அங்க பேச்சு வந்து, 2020 ஏப்ரல் 1ல இருந்து 101ஐ முழுசா இலவசம் ஆக்கிட்டாங்க. உடம்புக்கு கேக்கற 111, கரண்ட் போனா கூப்பிடுற 105 ரெண்டும் அங்க இலவசம்தான். அவ்வளவு சம்பளம் வாங்குற ஊர்லயே 15 பென்ஸ் ஒருத்தர தடுக்கும்னு ஒத்துக்கிட்டாங்கன்னா, 20 ரூபா டாப்பப்புக்கு கடையில கடன் சொல்ற மாமிய அது தடுக்காதா?

இதுல இன்னொண்ணு. மாமிக்கு பஸ் இலவசம். 2021 மே மாசத்துல இருந்து பொம்பளைங்களுக்கு சாதாரண டவுன் பஸ்ல டிக்கெட் இல்ல, அதனால போன் பண்றத விட நேர்ல போறதுதான் மாமிக்கு காசு மிச்சம். முட்டு வலிய வச்சுகிட்டு களியக்காவிளையில ஏறி மார்த்தாண்டத்துல மாறி நாகர்கோவில் போய், கியூவுல நின்னு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால நீட்டி எண்ணெய் தேய்ப்பாங்க. ரெண்டு நிமிச போன்ல முடியற விசயத்துக்கு ஒரு முழு நாள். இருந்தும் பஸ்ஸுதான் லாபம்னு ஒரு கிழவிய கணக்கு போட வைக்கறது எனக்கு தாங்கல.

இலவச நம்பர் ஒண்ணு, இல்லன்னா மிஸ்டு கால் கொடுத்தா திருப்பி கூப்பிடுற ஏற்பாடு, இவ்வளவுதான் வேணும். மிஸ்டு கால் நம்ம ஆளுகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்ல, காசு இல்லாதவங்க மிஸ்டு கால் கொடுப்பாங்க, இருக்கறவங்க திருப்பி கூப்பிடுவாங்க, நம்ம வீடுகள்ல இருவது வருசமா அப்படித்தானே போகுது.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள், நானும் மாமி கூட போறேன். நேத்து ராத்திரி மனு எழுதினேன், பென்சன் விசயம் முதல்ல, போன் விசயம் ரெண்டாவது. மாமி பக்கத்துல இருந்து வெத்தல இடிச்சுட்டே கேட்டுட்டு இருந்தாங்க. பேக் வேற நேத்தோட முடிஞ்சு போச்சு, இப்ப எங்க போட்டாலும் ரீசார்ஜ் செய்யுங்கன்னு ஒரு குரல்தான் வருது. முடிச்சு கையெழுத்துக்கு நீட்டினப்ப இடிக்கறத நிறுத்திட்டு சொன்னாங்க, "எனக்க நம்பரையும் எழுது மக்களே. வெளிய போவாது, இன்கமிங் வரும்னு எழுதிரு. அவிய கூப்பிட்டா நான் எடுப்பேன்."