ஏ.ஐ. சொன்ன பதிலுக்கு யார் பொறுப்பு?

தஞ்சாவூரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் தொழில்நுட்பப் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடி பக்கத்து உரக்கடைகளும் அரிசி ஆலைகளும்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். பில் போடுவது, சரக்கு இருப்பு, கடன் கணக்கு என்று ஓடிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "சார், நமக்கு ஏ.ஐ. எப்போ போடுறீங்க?"

போடலாம். நானும் தினம் அதை வைத்துத்தான் வேலை பார்க்கிறேன். ஆனால் என்னைப் போன்ற பொறுப்பில் இருப்பவர்கள், அது தப்பாகச் சொன்னால் யார் பதில் சொல்வது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். எந்த மாடல் (பதிலை எழுதித் தரும் ஏ.ஐ. மென்பொருள்), எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அப்புறம்.

ஏர் கனடா வழக்கைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாட்டி இறந்துபோன ஒரு பயணிக்கு, துக்கச் சலுகைக் கட்டணத்தைப் பயணம் முடிந்த பிறகும் கேட்டு வாங்கலாம் என்று அந்த விமான நிறுவனத்தின் சாட்பாட், அதாவது வாடிக்கையாளர் கேள்விக்குத் தானாகப் பதில் எழுதும் நிரல், சொல்லிவிட்டது. நிறுவனத்தின் விதியில் அப்படி இடமே இல்லை. விவகாரம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயத்துக்குப் போனபோது, சாட்பாட் தனி ஆள் மாதிரி, அது சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்கிற அளவுக்கு நிறுவனத் தரப்பில் வாதாடினார்கள். 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை; கட்டண வித்தியாசமான சுமார் 650 கனடிய டாலரைக் கொடுக்கச் சொன்னது. அங்கே போனது பணம். எங்கள் ஊரில் போனால் ஒரு போகமே போய்விடும்.

ஓர் உரக்கடைக்காக வாட்ஸ்அப்பில் விவசாயிகளுக்குப் பதில் சொல்லும் பாட் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். கடைக் கவுன்டரில் பல வருஷமாக நிற்கும் அண்ணன் ஒருவர்தான் கேள்விகளை எழுதிக் கொடுக்கிறார். அதில் ஒன்று: "ஐப்பசி பொறந்தாச்சு, ஆத்துத் தண்ணிதான், என்ன ரகம் போடலாம்?" பாட் தயங்காமல் சி.ஆர். 1009 என்ற நெல் ரகத்தைச் சொன்னது. விதை அளவு, நாற்றங்கால், அடியுரம் என்று வரிசையாக அழகான தமிழில் ஒரு பக்கம் வந்தது. எங்கள் பையன்களுக்கு ஒரே சந்தோஷம். அண்ணன் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஆயிரத்தொம்பதுக்கு நூத்தம்பத்தஞ்சு நாள் வேணும் தம்பி. ஐப்பசியில வெதச்சா பங்குனியிலதான் அறுப்பு. ஜனவரி 28க்கு மேட்டூரைச் சாத்திடுவாங்க. மாசி பூரா தண்ணிக்கு எங்க போறது?"

அந்தப் பதிலில் ஒவ்வொரு வரியும் தனியாகப் பார்த்தால் சரி. சி.ஆர். 1009 டெல்டாவின் சம்பா ரகம்தான்; ஆவணியில் விதைப்பவருக்கு அதைச் சொன்னால் குறையே இல்லை. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடும் என்பதையும் தனியாகக் கேட்டால் அதே பாட் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் அதற்குத் தோன்றவில்லை. தெரிந்ததைச் சொல்லும் அதே தெம்போடு தெரியாததையும் சொல்கிறது. எனக்குப் பெரிய பயம் அதுதான். நம்பி விதைத்தவர் மாடலைச் செய்த கம்பெனியைத் தேடிக் கலிபோர்னியாவுக்குப் போய்க் கேட்கமாட்டார், கடைக்காரர் முகத்துக்கு நேராக வந்துதான் நிற்பார்.

அதனால் வேலையைப் பிரித்தோம். கேள்வியைப் புரிந்துகொள்வது மட்டும் மாடலின் பொறுப்பு. எந்த மாதத்துக்கு எந்த ரகம் என்பதைச் சாதாரண அட்டவணையாக, பழைய முறையில் நிரலாகவே எழுதி வைத்திருக்கிறோம். பூச்சிமருந்து அளவை எவ்வளவு கேட்டாலும் பாட் சொல்லாது, லேபிளைப் பார்க்கச் சொல்லும். அண்ணனின் கேள்விகள் அத்தனையும் எங்கள் சோதனைத் தொகுப்பில் இருக்கின்றன. மாடலின் பதிப்பு மாறும்போதெல்லாம் அவற்றை மறுபடி ஓட்டிப் பார்க்கிறோம். போன மாதம் சரியாக வந்த பதில் இந்த மாதமும் சரியாக வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாமல் நடக்கிறது. மானிய விண்ணப்பம் சீக்கிரம் அடிக்க வேண்டும் என்று கடைப் பிள்ளைகள் விவசாயியின் ஆதாரையும் சிட்டா அடங்கலையும் போட்டோ எடுத்து, சொந்தப் போனில் இருக்கும் இலவச ஏ.ஐ. செயலியில் போட்டுவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். சாம்சங்கிலேயே 2023ல் பொறியாளர்கள் மூலநிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டி, நிறுவனம் தடை போட வேண்டி வந்தது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். தடையை மட்டும் போட்டால் பிள்ளைகள் மறைத்துச் செய்வார்கள். பாதுகாப்பான ஒரு கருவியை நாமே கையில் கொடுத்துவிட்டு, பிறகு இதைத் தொடாதே என்று சொன்னால்தான் கேட்பார்கள்.

செலவு விஷயத்தில் ஒன்று மட்டும். டெமோவை ஆங்கிலத்தில் காட்டி, கணக்கையும் ஆங்கிலத்துக்கே போட்டுத் தருவார்கள். அதே விஷயம் தமிழில் எழுதினால் பெரும்பாலான மாடல்களில் கூடுதல் டோக்கன் (எழுத்தை மாடல் வெட்டி எண்ணும் சிறு துண்டு) ஆகும், பில்லும் அதற்கேற்ப ஏறும். கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் வாடிக்கையாளரின் நிஜமான தமிழ்க் கேள்விகளைக் கொடுத்து விலை கேளுங்கள்.

கடை முதலாளி ஒருநாள் கேட்டார்: "இது வந்துட்டா கவுன்டர்ல ஒரு ஆளைக் குறைக்கலாமா?" கூடாது என்றேன். அந்தத் தப்பைக் கண்டுபிடித்தது எங்கள் பொறியாளர்கள் இல்லை, கவுன்டரில் நிற்பவர். அவரை அனுப்பிவிட்டால் அடுத்த தப்பு நேராக வயலுக்குப் போகும். அண்ணன் சோதனைக்குச் செலவிடும் நேரத்துக்கான சம்பளத்தைத் திட்டச் செலவிலேயே எழுதச் சொன்னேன். முதலாளி கொஞ்சம் முனகினார், அப்புறம் ஒத்துக்கொண்டார்.

ஒப்பந்தத்தில் ஓரிடம் இன்னும் இழுபறியாக இருக்கிறது. மாடலை விற்கும் கம்பெனியின் நிபந்தனைகளில் பதிலின் சரி தப்புக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் பொறுப்பு எங்களுக்கும் கடைக்கும் நடுவில்தான். எங்கள் பங்கு எதுவரை என்பதை எழுத்தில் கொடுக்க நான் தயார். கடைக்காரர் தரப்பில் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை பாட் இருப்பையும் விலையையும் மட்டும் சொல்லும், ரகம் கேட்டால் அண்ணன் போனுக்கு மாற்றிவிடும்.