மறுதாம்பு

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் வருடம். பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனை வார்டில் ஒப்புதல் படிவத்தோடு நின்றேன். கட்டிலில் இருந்தவர் தாமிரபரணிப் பாசனத்தில் வாழை போடுகிறவர். மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய். அவருக்குச் சோதனைக்காக எடுக்கும் எலும்பு மஜ்ஜையில் சில துளி என் ஆய்வுக்கு வேண்டும்.

ரத்த அணுக்கள் எல்லாமே மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்லிலிருந்துதான் வருகின்றன என்று ஆரம்பித்தேன். "வாழைக்கிழங்குன்னு சொல்லும்மா" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மருந்து மரத்தத்தான வெட்டும்? கிழங்கு கிடந்தா மறுதாம்பு வந்துரும்லா?"

என் ஆய்வுத் திட்டம் முழுக்க அந்தக் கேள்விதான். டி.என்.ஏ.வில் மெத்தில் என்ற சிறு வேதிக் குறி வைக்கும் டிஎன்எம்டி3ஏ என்ற மரபணு, பெரியவர்களுக்கு வரும் இந்த நோயில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பழுதாகியிருப்பது 2010இல் தெரியவந்தது. நோய் அடங்கிய பிறகும் அந்தப் பழுதைச் சுமந்த ஸ்டெம் செல்கள் சிலரிடம் தங்கியிருப்பதை 2014இல் காட்டினார்கள். எந்த மரபணு விழிக்கும், எது உறங்கும் என்பதில் அந்தக் குறிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. டி.என்.ஏ.வின் எழுத்து மாறாமலே அணுவின் போக்கு மாறிவிடும்.

"இதனால எனக்கு ஏதும் உண்டாம்மா?"

"உங்களுக்கு இல்லய்யா."

"பொறவு வாரவனுக்கு ஆவும்லா. எடுத்துக்கிடு."

மெத்தில் குறியைப் படிக்க டி.என்.ஏ.வை பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருளில் ஊறவைக்க வேண்டும். டி.என்.ஏ. எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின், குறியில்லாவிட்டால் யுராசில் என்ற வேறு எழுத்தாக மாறும், குறியுள்ளது அப்படியே நிற்கும். அவருடைய அணுக்களில் நான் பார்த்த மரபணுக்களெல்லாம் குறி நிறைந்து பூட்டிக் கிடந்தன. பெரிய கண்டுபிடிப்பு என்றே நம்பினேன். நான்கு மாதம் வரைபடமாக வரைந்து தள்ளினேன். ஒரு இரவு அதே தரவில், குவானின் என்ற எழுத்துக்கு முன்னால் வராத சைட்டோசின்களும் மாறாமல் நிற்பது கண்ணில் பட்டது. ரத்த அணுக்களில் அந்த இடங்களில் குறி அநேகமாக இருக்காது. வேதிவினை பாதியில் நின்றிருக்கிறது. நோய் என்று நான் படித்தது என் கைப்பிழையை.

அதற்குள் அவர் தவறிவிட்டார். இன்னொரு முறை கேட்க ஆளில்லை. திரவ நைட்ரஜனில் இரண்டு குப்பி மிச்சம் இருந்தது. அதில் ஒன்றை எடுக்கும்போது கை நடுங்கியது உண்மை. இம்முறை, குறியே இல்லாத லாம்டா வைரஸ் டி.என்.ஏ.வை அளந்து கலந்தேன். அது முழுக்க மாறினால்தான் மற்றதை நம்பலாம். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் பிள்ளைகளிடம் இப்போது இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன். பழைய பூட்டுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. நின்றவை சில. ஒரே அட்டவணையில் அடங்கிவிட்டன, ஆனால் அவை உண்மை.

ஆய்வேட்டில் அவர் ஓர் எண். பெயரை எழுதக் கூடாது. முதல் அத்தியாயத்தில் நோய் திரும்புவதை விளக்கும் இடத்தில் வாழைக்கிழங்கு வருகிறது. அதைச் சொன்னவர் ஒரு நோயாளி என்று அடிக்குறிப்பில் போட்டிருக்கிறேன்.